கிராமத்து நிலத்தில் குடும்பக் குடில்: திட்டமும் செலவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு வெளியே ஒரு துண்டு நிலம் இருக்கிறது, அல்லது வாங்கப் போகிறீர்கள். விடுமுறைக்குப் போய்த் தங்க, பிள்ளைகள் ஓடியாட, வயதான காலத்தில் அமைதியாக இருக்க அங்கே சிறியதாக ஒரு வீடு வேண்டும். எங்கள் குடும்பம் அப்படி ஒன்றைக் கட்டி முடித்த பிறகு, கட்டப்போகிறவர்கள் எங்களிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் எங்கள் அனுபவமும் உண்டு, பொறியாளரிடமும் மேஸ்திரியிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு.

சதுர அடிக்கு இவ்வளவு என்று பெருக்கினால் பட்ஜெட் வந்துவிடாதா?

வராது. நாங்கள் செய்த முதல் தவறே அதுதான். சதுர அடிக் கணக்கு என்பது வாசல் வரை சாலை, குழாயில் தண்ணீர், தெருவில் சாக்கடை, பக்கத்தில் மின்கம்பம் எல்லாம் இருக்கிற மனைக்கான கணக்கு. கிராமத்து நிலத்தில் இந்த நான்கையும் நீங்களே உண்டாக்க வேண்டும். வீட்டுக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் முதல் பங்கை மண் வாங்கிக்கொள்ளும்.

நான் இப்போது யாருக்குச் சொன்னாலும் கையில் உள்ள மொத்தப் பணத்தை 100 பங்காகப் பிரிக்கச் சொல்வேன். 25 பங்கு நிலத்தைத் தயார்படுத்த: அளவை, பாதை, தண்ணீர், மின்சாரம், கழிவுத்தொட்டி, வேலி. 40 பங்கு அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை. 20 பங்கு பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், குழாய் வேலை. மீதி 15 பங்கு எதிர்பாராத செலவுக்கான கையிருப்பு, அதைத் தொடக் கூடாது. நிலம் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்தால் முதல் பங்கு 25-இலிருந்து 35-க்கும் போகும். அப்போது வீட்டைச் சுருக்குங்கள், கையிருப்பைச் சுருக்காதீர்கள்.

முதலில் வரைபடம் போடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஒரு மழைக்காலமாவது அந்த நிலத்தைப் பாருங்கள். நல்ல மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வடிகிறது என்று அப்போதுதான் தெரியும். வெயில் காலத்தில் சமமாகத் தெரிகிற இடம் மழையில் குளமாக நிற்கும். எங்கள் நிலத்தில் அழகான ஓர் இடத்தை வீட்டுக்கென்று மனதில் குறித்து வைத்திருந்தோம். மழைக்கு மறுநாள் போனால் அங்கே கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டை முப்பது அடி மேட்டுப்பக்கம் தள்ளினோம்.

அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். வெள்ளம் எதுவரை வந்தது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும், காற்று எந்தப் பக்கம் பலமாக அடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காய்ந்த புதர் அதிகமுள்ள இடமானால் காட்டுத்தீ வந்ததா என்றும் கேளுங்கள். வீட்டைச் சுற்றிக் குறைந்தது 10 மீட்டருக்குச் சருகும் புதரும் இல்லாமல் வைத்துக்கொள்ள இடம் வேண்டியிருக்கும். மேற்கு வெயில் எந்தச் சுவரில் விழும் என்று பாருங்கள். இதற்கெல்லாம் செலவு கிடையாது. ஆனால் வரைபடம் போட்ட பிறகு பார்த்தால் மனம் அதை ஒத்துக்கொள்ளாது, வரைபடத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.

ஆவணங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்று. ஒன்று, பத்திரத்தில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒன்றா என்று சர்வேயரை வைத்து அளந்து, மூலைகளில் கல் நட வேண்டும். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஒரு பக்கம் சில அடி உள்ளே தள்ளியிருந்தாலே நீங்கள் நினைத்த இடத்தில் வேலி வராது. இரண்டு, பாதை. அடுத்தவர் நிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அந்த உரிமை எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். "இத்தனை வருடமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வீடு கட்டாதீர்கள். அந்த நிலம் கைமாறினால் பேச்சும் மாறும். மூன்று, அந்த நிலத்தில் குடியிருக்க வீடு கட்ட அனுமதி உண்டா, எல்லையிலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். விவசாய நிலமாகப் பதிவானதில் வீடு கட்டுவதற்குப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டுவதாக இருந்தால் இந்த மூன்றும் சரியாக இல்லாமல் கடன் கொடுப்பவர்கள் அசைய மாட்டார்கள். அவர்களும் பணத்தை மொத்தமாகத் தராமல் வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகத் தருவதுதான் வழக்கம். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் உங்கள் கைப்பணத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.

கார் போகிறது. அப்படியானால் பாதை போதும்தானே?

கார் போகிற பாதை வேறு, ஜல்லி ஏற்றிய லாரி போகிற பாதை வேறு. பாதையின் அகலம் 12 அடியாவது இருக்கட்டும். வளைவுகளில் அதைவிட அதிகம் வேண்டும். மேலே தாழ்வான கிளையும் கம்பியும் இல்லாமல் இருக்க வேண்டும். முடிவில் லாரி திரும்ப இடம் வேண்டும். சிறு பாலமோ மதகோ இருந்தால் அது எவ்வளவு எடை தாங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் லோடு மணல் ஈர மண்ணில் புதைந்து நின்றது. அதை இழுக்க இன்னொரு வண்டி வந்தது. அதன் பிறகு ஒரு மாதம் சாமான் எல்லாவற்றையும் சாலையோரம் கொட்டி, சிறிய வண்டியில் மாற்றி மாற்றி உள்ளே கொண்டுபோனோம். ஒரே செங்கல்லுக்கு இரண்டு முறை ஏற்றுகூலி, இரண்டு முறை இறக்குகூலி. உடைந்ததும் சிந்தியதும் தனி. அந்த மாதத்தில் வீணான பணத்தைப் பாதைக்கே போட்டிருந்தால் கெட்டியான பாதையே மிஞ்சியிருக்கும். கடைக்கால் தோண்டும் முன் பாதையை முடித்துவிடுங்கள். மேல்மண்ணை வழித்து, பெரிய கல் பரப்பி, மேலே கிராவல் போட்டு, நடுவில் சற்று உயர்த்தி இரு பக்கமும் வாட்டம் கொடுத்து, ஓரத்தில் வாய்க்கால் எடுத்தால் போதும். தார் தேவையில்லை. பாதையைக் கெடுப்பது வண்டியைவிடத் தேங்குகிற தண்ணீர்தான்.

தண்ணீருக்கு எவ்வளவு ஒதுக்குவது?

தொகை சொல்ல முடியாது, வரிசை சொல்லலாம். தண்ணீர் முதலில், வீடு பிறகு. கலவைக்கும், கட்டியதை ஈரம் காயாமல் நனைத்து வைக்கவும் (நீராற்றவும்) தண்ணீர் வேண்டும் என்பதால் எப்படியும் அது தேவைப்படும். போர் போட்டுத் தண்ணீர் வராமல் போனால், வீடு கட்டிய பிறகு அது தெரிவதைவிடக் கட்டும் முன் தெரிவது நல்லது. வந்த தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குடிக்க உகந்த நீர் கான்கிரீட்டுக்கும் ஆகும். உப்பு நீரில் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

மழைநீரையும் கணக்கில் சேருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 60 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை என்றால் 1,200 லிட்டர். கூரை அழுக்கோடு வரும் முதல் தண்ணீரைக் கழித்துவிட்டு, சிதறுவதையும் விட்டால் 950 லிட்டர் அளவுக்குத் தொட்டியில் சேரும். நான்கு பேர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் பயன்படுத்தினால் இரண்டு நாளைக்குக் காணும். தொட்டியை எங்கே வைப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். கூரை மேல் வைப்பதானால் அதைத் தாங்கும்படி வடிவமைக்கச் சொல்ல வேண்டும். பின்னால் ஒருநாள் தூக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

கழிவுத்தொட்டி சின்ன விஷயம்தானே?

தோண்டுவது சின்ன வேலைதான். எங்கே தோண்டுவது என்பது பெரிய முடிவு. செப்டிக் டேங்கில் கசடு அடியில் தங்கும், தெளிந்த கழிவுநீர் வெளியேறி உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் போகும். மண் அதை உறிஞ்ச வேண்டும். சோதிப்பது எளிது. அந்த இடத்தில் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மறுபடி நிரப்பி, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் ஆகியும் இறங்காவிட்டால் அது களிமண். வழக்கமான உறிஞ்சு குழி அங்கே வேலை செய்யாது, வேறு அமைப்பு வேண்டும், செலவும் கூடும். ஓரிரு நிமிடத்திலேயே இறங்கிவிட்டால் அதுவும் நல்லதல்ல. கழிவுநீர் சுத்தமாகாமலே நிலத்தடி நீருக்குப் போய்ச் சேரும்.

கிணற்றுக்கும் கழிவு அமைப்புக்கும் இடையே பல இடங்களின் விதிகள் 15 மீட்டர் முதல் 30 மீட்டர் வரை இடைவெளி கேட்கின்றன. உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்து நிலத்துக் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். நிலம் சரிவாக இருந்தால் கழிவு அமைப்பு கிணற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் அது.

மின்சாரம்: கம்பம் நட்டு இழுப்பதா, சோலாரா?

தூரத்தைப் பொறுத்தது. மின் இணைப்பு எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது, அந்தச் செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கம்பி நீள நீள மின்னழுத்தம் குறையும். கேபிள் தடிமன் போதாவிட்டால் விளக்கு மங்கும், மோட்டார் சூடாகிக் காயில் போகும். ஆகவே தடித்த கேபிளின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோலார் என்றால் கணக்கு இப்படிப் போகும். 9 வாட் விளக்கு ஆறு, நான்கு மணி நேரம்: 216 வாட்-மணி. 50 வாட் மின்விசிறி மூன்று, எட்டு மணி நேரம்: 1,200. சிறிய ஃப்ரிட்ஜுக்கு நாளைக்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,416 வாட்-மணி, அதாவது இரண்டரை யூனிட்டுக்குக் கிட்டே. வானம் மேகமூட்டமாக இருக்கும் ஒரு நாளாவது இதைப் பேட்டரி தாங்க வேண்டும். ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே தேவையைப் போல இரண்டு மடங்கு கொள்ளளவு வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாம், விலை கூடுதல். எப்போதாவது வந்து தங்குகிற குடும்பத்துக்கு ஃப்ரிட்ஜ் அவசியமா என்று யோசியுங்கள். அதை எடுத்துவிட்டால் செலவு நன்றாக இறங்கும்.

எவ்வளவு பெரியதாகக் கட்டுவது?

எத்தனை பேர் வருவார்கள் என்பதைவிட எத்தனை பேர் தூங்குவார்கள் என்று கேளுங்கள். பகலில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள், வெளியே மரநிழலில்தான் இருப்பார்கள். ஒரு நல்ல கூடம், ஒரு படுக்கையறை, சமையல் மூலை, குளியலறை, அகலமான திண்ணை: 500, 600 சதுர அடிக்குள் இது அடங்கும். திண்ணைக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள், வீட்டிலேயே அதிகம் பயன்படுகிற இடம் அதுதான். சுவரும் ஜன்னலும் இல்லாததால் உள்ளறையைவிட மலிவு.

வடிவமும் செலவைத் தீர்மானிக்கும். 20-க்கு 30 அடி வீட்டின் பரப்பு 600 சதுர அடி, சுற்றுச்சுவர் 100 அடி. அதே 600 சதுர அடியை 10-க்கு 60 என்று கட்டினால் சுற்றுச்சுவர் 140 அடி. அஸ்திவாரம், செங்கல், பூச்சு, பெயின்ட் எல்லாமே அந்த நாற்பது அடிக்கும் சேர்த்துத்தான். மூலைகளும் மடிப்புகளும் கூடக் கூடக் கூலி ஏறும், கூரையில் ஒழுகக்கூடிய இணைப்புகளும் கூடும். நீள்சதுரமாக, ஒரே கூரையாக இருக்கட்டும். சமையல் மூலையும் குளியலறையும் ஒரே சுவரின் இரு பக்கம் வந்தால் குழாய் வேலை குறையும்.

அஸ்திவாரத்தில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பிடிக்காதீர்கள். வீடு கட்டும் இடத்தில் இரண்டு மூன்று குழி தோண்டி மண்ணைப் பொறியாளரிடம் காட்டுங்கள். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கிற களிமண்ணில் சாதாரண ஆழம் போதாது, சுவர் விரிசல் விடும். பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கிய இடமானால் அஸ்திவாரம் அந்தப் புதுமண்ணைத் தாண்டி அடியிலுள்ள இயற்கை மண் வரை போக வேண்டும். தரை உறைந்துபோகிற குளிர்ப் பகுதியில் உறையும் ஆழத்துக்குக் கீழே இறங்க வேண்டும். மரத்தால் கட்டுவதானால் மரம் எங்கேயும் மண்ணைத் தொடக் கூடாது. தரையிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலமாவது உயரம் வேண்டும், இல்லாவிட்டால் கரையானும் ஓதமும் ஏறும்.

கான்கிரீட்டில் தண்ணீர் அதிகமாக ஊற்றினால் கொட்ட எளிதாக இருக்கும், இறுகிய பிறகு வலு குறையும். அருகில் நின்று பாருங்கள். கொட்டிய பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் நீராற்ற வேண்டும். அதன் வலுவை 28-ஆம் நாளில்தான் சோதிக்கிறார்கள், ஆகவே கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் பலகையையும் முட்டையும் (சென்ட்ரிங்) பிரிப்பதில் அவசரம் வேண்டாம். சிமென்ட் மூட்டையைத் தரையிலும் சுவரிலும் ஒட்டாமல் பலகை மேல் அடுக்கி, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துங்கள். தூர இடத்துக்கு ஒரே லோடாக வாங்கிவிடலாம் என்ற ஆசையில் நாங்கள் மிகுதியாக வாங்கிய சிமென்ட் கடைசியில் கட்டிபட்டுப் போனது.

மொத்த கான்ட்ராக்டா, கூலி மட்டும் பேசுவதா?

நீங்கள் அங்கேயே தங்கிப் பார்க்க முடியும் என்றால் கூலி மட்டும் பேசி, சாமானை நீங்களே வாங்கலாம். வாரம் ஒருமுறைதான் வர முடியும் என்றால் மொத்தமாகக் கொடுப்பதே மேல். எது ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தடிமன் சுவர், எந்தக் கம்பி, எந்தக் கதவு, எது சேர்த்தி, எது தனி. பணத்தை தேதிக்குக் கொடுக்காமல் முடிந்த வேலைக்குக் கொடுங்கள். பேஸ்மட்டம் (வீட்டின் தரை மட்டம் வரையான அடிப்பகுதி) முடிந்ததும் ஒரு பகுதி, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் உத்திரம்) மட்டத்தில் ஒரு பகுதி, கூரை முடிந்ததும் ஒரு பகுதி. கடைசி 5 முதல் 10 சதவீதத்தை ஒரு மழை பார்த்த பிறகு தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல மேஸ்திரி இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். அவருக்கும் சொன்ன நாளில் பணம் போய்ச் சேர வேண்டும், அது உங்கள் கடமை.

ஆட்கள் தங்கவும் சாமான் வைக்கவும் ஒரு கொட்டகை, அவர்களுக்கு ஒரு கழிப்பறை: இவற்றை பட்ஜெட்டில் எழுத எல்லோரும் மறக்கிறார்கள்.

நாமே செய்யக்கூடிய வேலை என்ன?

பெயின்ட், வேலி, மரம் நடுவது, பாதையோரக் கல் அடுக்குவது, அலமாரிகள். குடும்பமாகச் சேர்ந்து செய்தால் பிள்ளைகளுக்கும் அந்த வீட்டின் மேல் பிடிப்பு வரும். அஸ்திவாரம், கூரை, வயரிங், கழிவுத்தொட்டி நான்கையும் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

பணம் சேரச் சேரக் கட்டம் கட்டமாகக் கட்டலாமா?

தாராளமாக. ஒரு நிபந்தனை: ஒவ்வொரு கட்டமும் தங்கக்கூடிய நிலையில் முடிய வேண்டும். பெரிய வீட்டைப் பாதியில் நிறுத்தினால் அது வெயிலிலும் மழையிலும் கெடும். ஒரு கூடமும் குளியலறையும் முழுதாக முடிந்த சிறிய குடிலில் இன்றைக்கே தங்கலாம். பின்னால் நீட்டப்போகிற பக்கத்தில் ஜன்னலை வைக்கும்போதே அதன் கீழ்ச்சுவரை இடித்துக் கதவாக்கும்படி லிண்டலை அமைக்கலாம். குழாய்க்கும் வயருக்கும் வெற்றுக் குழாய் புதைத்து வைக்கலாம். அடுத்த தூணுக்கென்று வெளியே விட்ட கம்பிகளைச் சும்மா விட்டால் துருப்பிடிக்கும், சிமென்ட் பால் பூசி மூடி வையுங்கள்.

தயார் நிலை வீடு, கன்டெய்னர் வீடு மலிவா?

வேகம் அதிகம், ஆட்கள் கிடைக்காத இடத்தில் அது பெரிய வசதி. ஆனால் விலைப்பட்டியலில் அஸ்திவாரம், கொண்டுவரும் வாடகை, கிரேன், தண்ணீர், மின்சாரம், கழிவு எதுவும் இருக்காது. பாதைப் பிரச்சினை இன்னும் பெரிதாகும், ஏனென்றால் வீடே லாரியில் வருகிறது. இரும்புப் பெட்டி வெயிலில் கொதிக்கும் என்பதால் வெப்பத்தடுப்புக்கும் தனியாக ஒதுக்க வேண்டும்.

அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து கட்டுகிறோம். எப்படிப் பிரிப்பது?

உறவு நன்றாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகத்தால் எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம், நாளைக்குச் சந்தேகம் வராமல் இருக்கத்தான் எழுதுகிறோம். நிலம் யார் பெயரில்? பணம் போட்டவரின் பங்கும், பணம் போடாமல் மாதக்கணக்கில் அங்கே நின்று வேலை பார்த்தவரின் பங்கும் எப்படி? வருடாந்தரப் பராமரிப்பை எந்த விகிதத்தில் போடுவது? விடுமுறை நாட்களில் யாருக்கு எப்போது? ஒருவர் விலக நினைத்தால் மதிப்பு எப்படிப் போடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது? எங்கள் வீட்டில் கடைசிக் கேள்வியை எடுக்கவே எல்லோரும் தயங்கினோம். அம்மாதான் "அதையும் எழுதிடுங்க" என்றார். ஒருவர் வெளிநாடு போகும்போது பேச்சு நீளாமல் முடிந்ததற்கு அப்போது எழுதி வைத்ததுதான் காரணம். கையிருப்புப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று வைத்துக்கொண்டதும் உதவியது.

கட்டி முடித்த பிறகு என்ன செலவு?

கட்டிய தொகையில் வருடத்துக்கு 1 முதல் 2 சதவீதம் பராமரிப்புக்கு எடுத்து வைக்கலாம். பூட்டியே கிடக்கிற வீடு குடியிருக்கிற வீட்டைவிட வேகமாகக் கெடும். காற்றோட்டம் இல்லாமல் ஓதம் பிடிக்கும், எலி நுழையும், கூரைத் தண்ணீர் போகும் தகரம் சருகால் அடைபட்டுச் சுவரில் வழியும். உயரத்தில் வலை அடித்த காற்றுத் துவாரங்கள் வைத்தால் பூட்டியிருக்கும்போதும் காற்று ஓடும். கிளம்பும்போது மோட்டாரையும் மெயின் சுவிட்சையும் அணைத்து, தொட்டியின் வால்வை மூடிவிடுங்கள். ஒரு சாவி அருகில் உள்ள நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. குழாயும் கேபிளும் போகிற பள்ளங்களை மண் போட்டு மூடும் முன், சுவர் மூலையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்துப் படம் எடுத்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எங்கள் நோட்டு சமையல் மூலையின் அலமாரியில் இருக்கிறது. போன வருடம் குழாய் உடைந்தபோது அதைப் பார்த்துத்தான் ஒரே இடத்தில் தோண்டிச் சரி செய்தோம்.